வளைவை அறியாத விசை

அமெரிக்காவின் புளோரிடாவிலும் மெக்சிகோ வளைகுடாக் கரையிலும் தூண்டில் மீன்பிடிப்புக்கென ஓடும் ஐந்தாறு மீட்டர் நீளப் படகுகளைப் பின்னிருந்து பார்த்தால், பலவற்றில் தனிச் சுக்கான் இராது. பின்பலகையில் மாட்டிய அவுட்போர்டு பொறியே இடவலமாகத் திரும்புகிறது; சுழலி தள்ளும் நீரின் திசை மாறப் படகும் திரும்புகிறது. ஓட்டுபவர் பிடித்திருக்கும் சக்கரத்துக்கும் அப்பொறிக்கும் இடையே சில மீட்டர் தொலைவு. கையின் விசை அதை எவ்வாறு கடக்கிறது என்பதே படகைத் திருப்பும் வடமுறைக்கும் நீர்மமுறைக்கும் உள்ள வேறுபாடு.

வடமுறையில், உறைக்குள் ஓடும் எஃகுக் கம்பியைச் சக்கரத்தோடு இணைந்த பற்சக்கரம் தள்ளவும் இழுக்கவும் செய்கிறது. விலை குறைவு, பொருத்துவதும் எளிது. சிறு பொறிகளுக்கு இதற்கு மேல் வேண்டியதில்லை. ஆயினும் படகின் உடலோரமாகச் செல்லும் வடம் வளைந்தே ஆகவேண்டும். ஒவ்வொரு வளைவும் விசையில் ஒரு பங்கை விழுங்கும். துறைமுகத் தூணில் சில சுற்றுச் சுற்றிய கயிற்றின் முனையை ஒருவரே பிடித்துப் பெருங்கப்பலை நிறுத்திவிடுகிறாரே, அங்கே உதவும் உராய்வுதான் இங்கே பகையாகிறது. 18-ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் ஆய்லர் ஆராய்ந்த இவ்வுராய்வு, வளைவுக்கு வளைவு கூடுவதன்று; பெருகுவது. உராய்வெண் 0.15 எனக் கொள்வோம். வளைவுகளின் மொத்தம் 180 பாகையானால், மறுமுனையில் கிடைக்கும் விசையைப்போல் 1.6 மடங்கு இம்முனையில் தரவேண்டும். 360 பாகையானால் 2.6 மடங்கு. மசகு வற்றி, உப்பு படிந்து, உராய்வெண் இருமடங்காகிவிட்டால் அதே 360 பாகைக்கு ஆறரை மடங்கு! நேற்றுவரை சற்றே கனத்த சக்கரம் இன்று அசைய மறுப்பதன் கணக்கு இது.

முதலில் இறுகும் இடம் பெரும்பாலும் பொறியின் சாய்குழல். பொறியை மேலே தூக்கிச் சாய்ப்பதற்கு அச்சாக இருக்கும் இந்த உட்குடைந்த குழாய்க்குள்தான் வடத்தின் கடைசித் தண்டு வழுக்கி ஓடுகிறது. அங்கே கடல்நீர் புகும், பழைய மசகு மெழுகுபோல் கெட்டியாகும், அதன்மேல் துரு ஏறும். பருவம் முழுதும் கரையில் நின்ற படகில் இத்தண்டை வெளியே எடுக்கச் சுத்தியலும் சூடும் தேவைப்படுவதுண்டு. வடத்தை மாற்றும் செலவோடு சாய்குழலைச் சீர்செய்யும் உழைப்பும் சேரும்போதுதான் பலர் நீர்மமுறைக்கு மாற எண்ணுகிறார்கள்.

அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் தந்த அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும் என்ற பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலின் கண்டறிவு, அவர் மறைந்த மறு ஆண்டான 1663-இல் நூலாக வெளிவந்தது. 1795-இல் பிரமா என்னும் ஆங்கிலேயர் அதைக்கொண்டு அழுத்துபொறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். படகில் நடப்பதும் அதுவே. சக்கரத்தின் பின்னே ஒரு சிறு எக்கி. பொறியின் முன்னே ஓர் உருளை. இரண்டையும் இணைக்க இரு குழல்கள். குழல் எத்தனை முறை வளைந்தாலும் நிலையாக நிற்கும் நீர்மத்தின் அழுத்தம் குறைவதில்லை. ஓடும்போது மட்டும் பாகுநிலையால் சிறிது இழப்பு உண்டு.

எக்கி ஒரு சுற்றுக்கு 28 கன செ.மீ. எண்ணெய் தள்ளுகிறது, உருளையின் பயன்படு பரப்பு 7 சதுர செ.மீ., அது நகரவேண்டியது 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சக்கரம் 5 சுற்றுச் சுற்றவேண்டும். சக்கரத்தின் ஆரம் 19 செ.மீ. என்றால் கை கடக்கும் தொலைவு ஏறத்தாழ 6 மீட்டர். உருளை நகர்வதைப்போல் 30 மடங்கு. ஆகவே, இழப்பை விட்டுப் பார்த்தால், 5 கிலோ எடைக்கு ஒத்த கைவிசை அங்கே 150 கிலோவாகிறது. இலவயமாக எதுவும் வரவில்லை. தொலைவைக் கொடுத்து விசையை வாங்கியிருக்கிறோம்.

உருளையின் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. முன்புறம் பொருத்தும் வகையில் தண்டு இரு முனையிலும் நிலையாகப் பூட்டப்பட்டிருக்க, உருளைதான் அதன்மேல் நகர்ந்து பொறியைத் திருப்புகிறது. தண்டு இரு பக்கமும் நீள்வதால் இரு அறைகளும் ஒரே அளவு எண்ணெய் கொள்ளும். இடத்துக்கும் வலத்துக்கும் சுற்று எண்ணிக்கை ஒன்றே.

எனினும் இம்மாற்றத்தின் பெரும்பயன் விசைப் பெருக்கமன்று, எக்கியிலுள்ள ஒருவழி அடைப்பிதழ்கள் என்பேன். சுழலியின் சுழற்சி பொறியை ஒரு பக்கமாகத் திருக முயன்றுகொண்டே இருக்கும். சாதாரண வடத்தில் அத்திருகல் கைக்கு வந்து சேரும். பிடியை விட்டால் படகு தானே திரும்பிவிடும். அடைப்பிதழ்கள் சக்கரத்தின் ஆணையைப் பொறிக்கு விடுகின்றன, பொறியின் திருகலைச் சக்கரத்துக்கு விடுவதில்லை. கை ஓய்கிறது, கூடவே, நீரின் போக்கைக் கையால் உணரும் வாய்ப்பும் போகிறது. அதை இழப்பாகக் கருதும் பழைய ஓட்டிகள் இருக்கிறார்கள்.

பொருத்தும் வேலையில் மிகுந்த பொறுமை கேட்பது காற்றை வெளியேற்றுவது. மேற்கண்ட கணக்கின் விசை உருளையில் உண்டாக்கும் அழுத்தத்தில் எண்ணெய் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கே சுருங்கும். காற்றோ இருபதில் ஒரு பங்காகிவிடும். 10 கன செ.மீ. காற்று உள்ளே தங்கினால் சக்கரத்தின் மூன்றில் ஒரு சுற்று அதை அமுக்குவதிலேயே கழியும். எனவே எக்கியின் மேல்வாயில் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்து மாட்டி, உருளை முனையின் திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை சக்கரத்தைச் சுற்றுகிறார்கள், பிறகு மறுபக்கம். அவசரத்துக்கு வண்டியின் பிரேக் எண்ணெயை ஊற்றுவது பெருந்தவறு. அது ரப்பர்த் தடுப்பு வளையங்களை ஊதவைத்துக் கெடுக்கும்.

நீர்மத்தின் பகை கசிவு. 1978 மார்ச் 16 காலை, பிரான்சின் பிரித்தானி கரைக்கு அப்பால் ஆமோகோ காடிஸ் என்னும் எண்ணெய்க் கப்பலின் சுக்கான் அமைப்பில் குழாய் இணைப்பின் திருகாணிகள் முறிந்தன, நீர்மம் வெளியேறியது, சுக்கான் கட்டவிழ்ந்தது. அன்றிரவே கப்பல் போர்ட்சால் பாறைகளில் மோத, 2,20,000 டன்னுக்கு மேற்பட்ட கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. அதன்பின் வந்த பன்னாட்டு விதிகள், பெரிய எண்ணெய்க் கப்பல்களில் ஒரு பகுதி பழுதானாலும் 45 நொடிக்குள் சுக்கான் மீளவேண்டும் என்றன.

சிறு படகில் அவ்வாறு மீளவைக்கும் இரட்டை அமைப்புக்கு இடமில்லை. ஆனால் அங்கே கசிவு பெரும்பாலும் தன்னை முன்பே காட்டிவிடும்: உருளைத் தண்டில் எண்ணெய்ப் பளபளப்பு, சக்கர அச்சின் கீழே ஒரு கறை, எக்கியில் இறங்கும் மட்டம். கசிவு சிறிதானால், கையிருப்பிலுள்ள ஒரு புட்டி எண்ணெயை ஊற்றிக்கொண்டே கரை சேர்ந்துவிடலாம்.