150 மீட்டர் தள்ளி ஒரு கூடாரம்

நார்வேயில் ஒரு காபி குடித்துவிட்டு அதன் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் அன்றிரவு தூக்கம் வராது. தூங்குவதற்கான இடம் மட்டும் அங்கே இலவசம்.

திருட்டுத்தனமாகப் படுப்பது அல்ல, சட்டமே தருவது. ‘அல்லமான்ஸ்ரெத்தன்’ என்கிறார்கள்; எல்லாருக்குமான உரிமை. வழிவழியாக வந்த வழக்கத்தை 1957-இல் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். விசா வாங்கிப் போகிற நமக்கும் அது பொருந்தும்.

நம்மூர்ப் புறம்போக்கு மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் படுக்கிற காட்டுக்குச் சொந்தக்காரர் இருப்பார், பத்திரமும் இருக்கும். ஆனாலும் ஒழுங்காக இருக்கும்வரை உங்களை அவர் எழுப்பிவிட முடியாது. தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டே சொற்கள்: இன்மார்க், உத்மார்க். வயல், தீவனப் புல்வெளி, வீட்டு முற்றம் எல்லாம் இன்மார்க். உரியவரைக் கேட்காமல் அங்கே கூடாரம் அடிக்கக் கூடாது. காடு, மலை, திறந்த கடற்கரை போன்றவை உத்மார்க். அங்கேயும் ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டராவது தள்ளிப் போக வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு இரவு. அதற்கு மேல் தங்க அனுமதி தேவை. ஆளரவமற்ற உயர்மலையில் இந்த இரண்டு இரவுக் கணக்கும் கிடையாது. நிலத்தில் சுமார் 3 விழுக்காடுதான் சாகுபடி என்பதால் இடத்துக்குப் பஞ்சமில்லை.

வேனில் தூங்கலாம் என்று போகிறவர்களுக்கு இந்த உரிமை அவ்வளவாகக் கைகொடுக்காது. வண்டியைக் காட்டுக்குள் ஓட்டத் தடை. இது நடந்து போகிறவனுக்கான சட்டம்; எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

காட்டு புளூபெர்ரியைப் பறித்துத் தின்னலாம். கடலில் தூண்டில் போடலாம். ஆற்றுக்கும் ஏரிக்கும் சீட்டு வாங்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலோ காட்டோரத்திலோ தீ மூட்டக் கூடாது. சின்ன கேஸ் அடுப்பு கொண்டுபோகலாம், ஆனால் கேஸ் குப்பியை விமானத்தில் எந்தப் பையிலும் விடமாட்டார்கள். அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். கோடையில் வடக்கே சூரியன் மறையாது, கண்ணைக் கட்ட ஒரு துணி வேண்டும். கொசு அங்கேயும் உண்டு.

லோஃபோட்டன் தீவுகளில் கூட்டம் பெருகி, சில இடங்களில் கூடாரத்துக்கே தடை போட்டுவிட்டார்கள். கூடார ஆணியடிக்கும் முன் அறிவிப்புப் பலகையைப் படியுங்கள்.

இன்னொன்று. நார்வே போக எடுக்கும் ஷெங்கன் விசா விண்ணப்பத்தில் தங்குமிடச் சான்று கேட்பார்கள். ‘காட்டில் படுத்துக்கொள்வேன்’ என்று அதில் எழுதி வைக்காதீர்கள்.