அன்னாசித் தண்டும் தீப்புண்ணும்

பொந்தியான் என்றாலே பெக்கான் நானாஸ் அன்னாசிதான். தின்றால் நாக்கு அரிக்கிறதே, அதில் புரோமெலைன் என்ற நொதிக்கும் பங்குண்டு. புரதத்தைக் கரைப்பது அதன் வேலை. நாம் தூக்கியெறியும் தண்டில்தான் அது அதிகம்!

ஆழமான தீப்புண்ணில் கருகிய தோல் தங்கினால் கிருமிகளுக்கு அதுவே தீனி. வழக்கமாகக் கத்தியால் செதுக்கி எடுப்பார்கள். நல்ல தோலும் கொஞ்சம் சேர்ந்தே போகும். தண்டின் நொதியிலிருந்து தயாரான ‘நெக்சோபிரிட்’ மருந்தை மருத்துவர்கள் வலி தெரியாமலிருக்க மருந்து கொடுத்து, 4 மணி நேரம் பூசி வைக்கிறார்கள், கருகியது கரைகிறது. நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளில் கத்திக்கு வேலை குறைந்தது. ஐரோப்பா 2012-இலும் அமெரிக்கா 2022-இலும் அனுமதி தந்தன.

அதற்காக வீட்டு அன்னாசிச் சாற்றைப் புண்ணில் ஊற்றிவிடாதீர்கள். அது சுத்திகரித்த மருந்தல்ல. பற்பசையும் கிச்சாப்பும்கூட வேண்டாம். தீப்பட்ட இடத்தில் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட்டு, மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.