ரயில் மத்திய அரசுடையது, நிலம் யாருடையது?

இயற்கை விவசாயப் பத்திரிகையில் ரயிலுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். ஆனால் நம்மில் எத்தனை பேரிடம் சொந்த வண்டி இருக்கிறது? விதைத் திருவிழாவுக்கு நாலு கிலோ கருப்புக் கவுனியும் ரெண்டு கிலோ மாப்பிள்ளைச் சம்பாவும் பையில் கட்டிக்கொண்டு போகிற ஆளுக்குப் பயணிகள் ரயில்தான் கட்டுப்படியாகும். பஸ்ஸில் மூட்டையைப் பார்த்தாலே கண்டக்டர் முகம் மாறிவிடுகிறது. நேரடியாக விற்கிறோம், நுகர்வோரைத் தேடிப் போகிறோம் என்று பேசுகிற நாம், போய்ச் சேரும் வழியைப் பற்றியும் பேசத்தானே வேண்டும்?

நான் பட்டுக்கோட்டைப் பக்கம் ஆறு மா நிலத்தில் பாரம்பரிய நெல் போடுகிறவன். எங்கள் கூட்டங்களில் ரயில் பேச்சு எடுத்தால் உடனே ஒரு பதில் வரும்: "அது சென்ட்ரல் கவர்மெண்டு விஷயம்ங்க, எம்.பி.யைப் போய்ப் பாருங்க." இந்தப் பதில் பாதிதான் சரி. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மாநிலத்தின் கையில் இருப்பவை

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி ரயில்வே மத்தியப் பட்டியலில் இருக்கிறது. எந்த ரயில், எந்த நேரம், எந்த ஊரில் நிற்கும் என்பதை ரயில்வேதான் முடிவு செய்கிறது. ஆனால் தண்டவாளம் வானத்திலா போகிறது? நிலம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. நிலத்தை அளப்பதும், பட்டா பார்ப்பதும், இழப்பீட்டைக் கணக்குப் போடுவதும் மாநில வருவாய்த் துறை ஆட்கள்தான். ரயில்வே கேட்டின் மேல் மேம்பாலம் கட்ட வேண்டுமானால் பொதுவாகச் செலவில் பாதி மாநிலத்தினுடையது. மாநிலம் விரும்பினால் புதுப் பாதைக்குப் பணமும் போடலாம், பங்குதாரராகவும் சேரலாம். நிலம், பாலம், பணம் ஆகிய இந்த மூன்றும் மாநிலத்தின் கையில் இருக்கின்றன.

எங்கள் டெல்டா சொல்லும் பாடம்

திருவாரூர்–காரைக்குடி பாதை திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கி வழியாகப் போகிறது. மொத்தம் 149 கி.மீ. அந்தக் காலத்தில் இதே வழியில் சென்னைக்குக் கம்பன் எக்ஸ்பிரஸ் ஓடியது. அகலப்பாதை வேலைக்காக ரயில் நின்று, பல வருஷம் கழித்து 2019 ஜூனில் முழுத் தூரத்துக்கும் மறுபடி ஓடத் தொடங்கியது. ஆனால் கேட்டுகளுக்கு ஆள் போடப்படவில்லை. ரயிலிலேயே வந்த கேட் கீப்பர் ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி மூடி, ரயில் தாண்டியதும் திறந்துவிட்டுத்தான் அடுத்த கேட்டுக்குப் போக வேண்டும். 149 கி.மீ. போக ஆறு மணி நேரம் போல ஆனது. அந்த ரயிலில் யார் ஏறுவார்கள்? ஏறாவிட்டால், "கூட்டமே இல்லையே, எதுக்கு இன்னொரு ரயில்?" என்று பதில் வரும்.

பக்கத்திலேயே திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி, 37 கி.மீ. பாதை. 2004-இல் நின்ற ரயில் 2023 ஏப்ரலில்தான் திரும்பி வந்தது. மதுரை–போடி 90 கி.மீ. பாதையில் 2010 கடைசியில் நின்ற ரயில் போடி வரை வர 2023 ஜூன் ஆகிவிட்டது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ரயிலைப் பார்க்காமலே படித்து முடித்துவிட்டார்கள்.

இதற்கெல்லாம் ரயில்வேயை மட்டும் திட்டினால் போதாது. எந்தக் கேட்டுக்கு மேம்பாலம், எந்தக் கேட்டுக்குச் சுரங்கப்பாதை, அந்தச் சுரங்கப்பாதையில் மழைக்காலத்தில் அறுவடை இயந்திரம் போக முடியுமா என்பதையெல்லாம் மாநில அரசு உட்கார்ந்து பேசினால்தான் ரயில் வேகம் எடுக்கும்.

பங்குபோட்ட மாநிலங்கள்

மாநிலங்கள் முன்வந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கொங்கண் ரயில்வே சாட்சி. 1990-இல் அதற்கென ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். ரயில்வே 51 சதவீதம், மகாராஷ்டிரம் 22, கர்நாடகம் 15, கோவாவும் கேரளமும் ஆறு ஆறு சதவீதம் என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். மலையும் ஆறும் நிறைந்த 741 கி.மீ. பாதையில் 1998 ஜனவரியில் முழுத் தூரத்துக்கும் ரயில் ஓடியது. கர்நாடகம் கதக்–வாடி போன்ற புதுப் பாதைகளுக்கு நிலத்தை இலவசமாகத் தந்து, கட்டுமானச் செலவில் பாதியையும் ஏற்றுக்கொண்டது. டெல்லி–மீரட் இடையே 82 கி.மீ.க்கு வேக ரயில் பாதை போட்ட நிறுவனத்தில் மத்திய அரசுக்குப் பாதி, டெல்லி, ஹரியானா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஒவ்வொன்றுக்கும் 12.5 சதவீதம்.

அமெரிக்காவில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். 750 மைலுக்கு, அதாவது சுமார் 1,200 கி.மீ.க்குக் குறைந்த பெரும்பாலான ஆம்ட்ராக் தடங்களின் செலவை அந்தந்த மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்று 2008-இல் சட்டம் போட்டார்கள். அது நமக்கு அப்படியே பொருந்தாது. இங்கே வரிப்பணத்தின் பெரும்பங்கு மத்திய அரசிடம் போகிறது. ஆனால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. பணம் போடுகிற மாநிலம், எத்தனை ரயில், எந்த ஊரில் நிறுத்தம் என்று உட்கார்ந்து கேட்க முடிகிறது.

மஞ்சள் கல் சொன்ன சேதி

மாநிலம் முன்வந்தாலே உழவனுக்கு நல்லது என்று நான் சொல்லவில்லை. கேரளத்தின் சில்வர்லைன் திட்டம் காசர்கோடு முதல் திருவனந்தபுரம் வரை 529 கி.மீ.; மதிப்பு சுமார் 64,000 கோடி ரூபாய். மாநில அரசுக்கு 51 சதவீதப் பங்குள்ள நிறுவனம்தான் அதைக் கொண்டுவந்தது. 2022-இல் அளவைக்காக வீட்டு வாசலிலும் வயலிலும் மஞ்சள் கல் நட்டார்கள். மக்கள் அதைப் பிடுங்கி எறிந்தார்கள். பாதை எங்கே போகிறது, வெள்ளம் எங்கே வடியும் என்று முதலில் ஊரிடம் கேட்காததன் பலன் அது. திட்டம் கட்டுமானத்துக்கே போகவில்லை. கொங்கண் பாதை போட்டபோதும் கோவாவில் கடலோர நெல் வயல்களான காசான் நிலங்களுக்காகப் போராட்டம் நடந்தது.

2013 நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பல போகம் விளையும் பாசன நிலத்தைக் கடைசி வழியாகத்தான் எடுக்க வேண்டும் என்கிறது அதன் 10-வது பிரிவு. ஆனால் ரயில், நெடுஞ்சாலை, கால்வாய் மாதிரி நீளவாக்கில் போகும் திட்டங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று அதே பிரிவு விலக்கும் தருகிறது. ஆகவே நஞ்சையைக் காப்பாற்றும் பொறுப்பு, பாதையை வரைகிற ஆளின் கையிலும், அவரிடம் முதலிலேயே பேசுகிற நம் கையிலும்தான் இருக்கிறது.

இப்போது நம் வாசலில்

தமிழக அரசு தன் 2025-26 நிதிநிலை அறிக்கையில் மூன்று வேக ரயில் தடங்களுக்குச் சாத்தியக்கூறு ஆய்வு என்று அறிவித்தது. சென்னை–செங்கல்பட்டு–திண்டிவனம்–விழுப்புரம் 167 கி.மீ., சென்னை–காஞ்சிபுரம்–வேலூர் 140 கி.மீ., கோவை–திருப்பூர்–ஈரோடு–சேலம் 185 கி.மீ. மாநிலமே முன்னெடுக்கும் வேலை. முதல் இரண்டும் ஏரிப் பாசன மண். மூன்றாவது மஞ்சளும் தென்னையும் நிற்கிற பூமி.

வேண்டாம் என்று சொல்லுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரயில் வராவிட்டால் எட்டுவழிச் சாலை வரும். சாலை தின்கிற நிலம் இன்னும் அதிகம். என் கோரிக்கைகள் இவைதான்:

முதலாவது, இருக்கிற பாதையை இரட்டிப்பாக்கிக் கூடுதல் பயணிகள் ரயில் விட முடியுமா என்று முதலில் பார்க்கட்டும். புது நிலம் கேட்பது அதற்குப் பிறகு.

இரண்டாவது, புதுப் பாதை கட்டாயம் என்றால் நஞ்சையில் மண்மேடு வேண்டாம், தூண் மேல் போகட்டும். டெல்லி–மீரட் பாதையின் பெரும்பகுதி தூண் மேல்தான் போகிறது. மேடு போட்டால் ஒரு பக்கம் வயல் முழுகும், மறுபக்கம் காயும். தண்ணி போகிற வழியை மறிச்சா அது நம்ம வயல்லதான் வந்து நிக்கும்.

மூன்றாவது, மாநிலம் பணம் போடுகிற ரயிலில் சாதாரணக் கட்டணமும், மூட்டை வைக்க இடமும், சின்ன ஊர்களில் நிறுத்தமும் இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் நிலம் நம்முடையது, பயணம் வேறு யாருடையதோ என்று ஆகிவிடும்.

நான்காவது, கல் நடும் முன் வரைபடம் கிராமசபைக்கு வரட்டும்.

நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு கிராமசபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்தத் தடங்கள் போகிற மாவட்டத்து நண்பர்கள் அடுத்த கிராமசபையிலேயே பாதை வரைபடம் கேட்டுத் தீர்மானம் போடுங்கள். ஏரி, வரத்து வாய்க்கால், வடிகால் எல்லாவற்றையும் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் வரைந்து சேர்த்துக் கொடுங்கள். நகலை ஆட்சியருக்கும் உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். எம்.பி.யை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பாதி வேலைதான் முடியும்.