பித்திகம் பொழுதறிவித்தல்: நெடுநல்வாடையில் ஓர் இடம்

நக்கீரனாரின் நெடுநல்வாடையில், முகில் ஞாயிற்றை மறைத்த கூதிர்நாளில் மகளிர் மாலை வந்ததை அறியும் வகை கூறப்படுகின்றது. பிடகையில் இட்டு வைத்த பித்திக அரும்புகள் இதழவிழ்ந்து கமழவே, பொழுது இஃதெனத் தெளிந்து அவர்கள் விளக்கேற்றுகின்றனர். பித்திகமாவது இன்றைய பிச்சி. இதனைப் புனைந்துரை என்று கடந்து செல்லுதல் எளிது. கொய்த அரும்பு மணம் பிறப்பிக்குமோ? கதிரவனைக் காணாது மனையகத்திருக்கும் பூ மாலையை அறியுமோ? இவ்விரு வினாவிற்கும் விடை நிலைத்திணையியலில் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கிலும் உண்டு.

தேனி மாவட்டத்துச் சீலையம்பட்டி, ஆண்டிபட்டிப் பூச்சந்தைகளுக்கு மல்லிகை அரும்பாகவே வருகின்றது. விடியலிற் கொய்யும்போது அதன் மணம் மிகக் குறைவு. மூட்டையிற் கட்டுண்டு, எடையிடப்பெற்று, சரமாகத் தொடுக்கப்பெற்ற பின், அந்தியில்தான் அது வீடெல்லாம் மணக்க விரிகின்றது. முன்னரே மலர்ந்துவிட்ட பூவிற்கு விலை இல்லை.

மல்லிகையின் மணம் பிறக்குமிடம் தேனுமன்று, மகரந்தமுமன்று. பெரும்பாலும் இதழின் புறத்தோல் உயிரணுக்களே. (ஆர்க்கிடு இனத்துச் சில பூக்களில் இதற்கெனத் தனிச் சுரப்பிகளே உள.) அவ்வணுக்களில் லினலூல், பென்சைல் அசிட்டேட்டு, இண்டோல் முதலிய எளிதில் ஆவியாகும் பொருள்கள் உருவாகின்றன. அரும்பு நிலையில் இவற்றுட் சிலவற்றின் மூலப்பொருள்கள் சருக்கரையோடு பிணைந்து, ஆவியாகாமலும் மணவாமலும் அடங்கிக் கிடக்கும். இதழவிழுங்கால் நொதிகள் அப்பிணைப்பை அறுக்கின்றன; வேறு சில அப்பொழுதே புதிதாகத் தோன்றுகின்றன. பின்னர் அணுவின் சவ்வையும் அதன் மேலுள்ள மெழுகுப் படலத்தையும் கடந்து காற்றிற் கலக்கின்றன. இவை தாமே கசிந்து வெளியேறும் என்றே நெடுங்காலம் கருதினர். சவ்வைக் கடத்துதற்கு ஒரு புரதம் துணைபுரிதலை 2017-இல் பெட்டூனியா மலரில் கண்டனர்.

இண்டோல் பற்றி ஒன்று கூறலாம். சிறிதளவில் மல்லிகைக்கு அழகு தரும் அப்பொருள், மிக்கால் மலநாற்றமாகும். நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' என்னும் சொல் பின்னாளில் தீநாற்றத்திற்கு உரியதானதை அறிந்த நமக்கு இது வியப்பன்று.

ஆகவே அரும்பு மணத்தை அடைத்து வைத்த செப்பன்று. கொய்த பின்னும் மணத்தை ஆக்கிக்கொண்டே இருக்கும் உயிருள்ள உறுப்பு அது. பிரான்சு நாட்டுக் கிராசு நகரத்தார் பிச்சியினத்து மலர்களைக் கொழுப்பின்மேற் பரப்பி வைத்து மணம் வாங்கியது இதனாலேயே. நம் மல்லிகையின் அரும்புகளைப் பகலிற் கொய்து, இரவில் அவை விரியும்போது தேயிலையோடு கலந்து மணமூட்டுவது சீனர் வழக்கம்.

எஞ்சிய ஐயம் பொழுதறிதல். பெட்டூனியா போன்ற இரவில் மணக்கும் மலர்களில், மணம் வெளிப்படும் வேளையை உள்ளியங்கும் ஒரு நாட்கடிகாரம் ஆள்கின்றது. அந்திப்பூச்சிகளை நோக்கிய ஒழுங்கு அது. முகில் மூடினும் அக்கடிகாரம் நின்றுவிடாது.

இனிச் சொல்லிற்கு வருவோம். நனை, அரும்பு, முகை, போது, மலர், அலர், வீ, செம்மல் என்பவற்றை ஒருபொருட் பன்மொழியாகக் கொள்ளுதல் மாணவரிடையே பெருவழக்கு. நக்கீரனார் பிடகையில் இட்டவை அரும்புகள். கமழ்ந்ததோ அவிழ்ந்த பின். அவ்விடத்து 'அரும்பு' என்பதற்குப் 'பூ' என்று பொதுப்பட உரை எழுதின், மகளிர் பொழுதறிந்தமைக்குக் காரணமே இல்லாமற் போகின்றது. பூவின் பருவமொன்றைக் குறிக்கும் 'போது' காலத்தையும் குறித்தல் இதனொடு வைத்து ஆராயத்தக்கது.