டிரெய்லர் இழுவையும் கனரகப் பிக்கப் வண்டிகளும்

கனரகப் பிக்கப் வண்டி என்பது வழக்கமான பிக்கப் வண்டியை விடக் கூடுதலான எடையைச் சுமக்கவும் இழுக்கவும் ஏற்றவாறு வலுவான அடிச்சட்டம், அச்சுகள், வில்கள், பிரேக்குகள் ஆகியவற்றுடன் வடிவமைக்கப்படும் சிறு சரக்குந்து ஆகும். ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டு டிரெய்லர், குதிரை டிரெய்லர், படகு டிரெய்லர் முதலியவற்றைத் தனிநபர்கள் தம் சொந்த வண்டியில் பூட்டி இழுத்துச் செல்வது பரவலான வழக்கம். டிரெய்லர் பெரிதாகும்போது, அதை இழுக்கும் வண்டியையும் பெரிதாக மாற்ற வேண்டிய நிலை ஏற்படுகிறது.

இம்மாற்றம் எப்போது தேவைப்படுகிறது என்பதை எந்திரத்தின் ஆற்றலைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய இயலாது. பெரும்பாலான நேரங்களில் வண்டியின் இழுதிறன் எல்லையை எட்டும் முன்னரே அதன் சுமைத்திறன் எல்லை தாண்டப்பட்டுவிடுகிறது.

வகைப்பாடு

அமெரிக்கப் பிக்கப் வண்டிகள் பேச்சு வழக்கில் அரை டன், முக்கால் டன், ஒரு டன் என மூன்றாகப் பிரிக்கப்படுகின்றன. இப்பெயர்கள் முற்காலத்தில் வண்டி சுமக்கக்கூடிய எடையைக் குறித்தன. இன்றைய வண்டிகள் அவற்றை விட மிகுதியாகச் சுமக்கின்றன என்றாலும் பெயர்கள் நிலைத்துவிட்டன.

* அரை டன்: போர்டு எப்-150, செவ்ரோலே சில்வராடோ 1500, ராம் 1500
* முக்கால் டன்: போர்டு எப்-250, சில்வராடோ 2500, ராம் 2500
* ஒரு டன்: போர்டு எப்-350, சில்வராடோ 3500, ராம் 3500

அரசு வகைப்பாடு வண்டியின் மொத்த எடை வரம்பை அடிப்படையாகக் கொண்டது. 6,001 முதல் 10,000 பவுண்டு வரை (ஏறத்தாழ 2,720 முதல் 4,536 கிலோகிராம்) இரண்டாம் வகுப்பு. 10,001 முதல் 14,000 பவுண்டு வரை (6,350 கிலோகிராம் வரை) மூன்றாம் வகுப்பு. இரண்டாம் வகுப்பு 8,500 பவுண்டு என்னும் எல்லையில் மேலும் இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. அரை டன் வண்டிகள் பொதுவாக இவ்வெல்லைக்குக் கீழும், முக்கால் டன் வண்டிகள் அதற்கு மேலும் அமைகின்றன.

வரலாறு

போர்டு நிறுவனத்தின் எப் வரிசை 1948 மாதிரி ஆண்டில் அறிமுகமானது. எப்-250, எப்-350 என்னும் பெயர்கள் 1953இல் வந்தன. எப்-150 1975இல் சேர்ந்தது. நெடுங்காலம் இவையனைத்தும் ஒரே வடிவமைப்பின் வேறுபாடுகளாகவே இருந்தன. 1999 மாதிரி ஆண்டில் எப்-250உம் அதற்கு மேற்பட்டவையும் சூப்பர் டியூட்டி என்னும் தனி வரிசையாகப் பிரிக்கப்பட்டன. அதன் பின்னர் அரை டன் வண்டிக்கும் கனரக வண்டிக்கும் இடையிலான வேறுபாடு அடிச்சட்டத்திலேயே தொடங்குகிறது.

டீசல் எந்திரங்களும் இழுவைப் பயன்பாட்டை வளர்த்தன. 1989 மாதிரி ஆண்டில் டாட்ஜ் நிறுவனம் தன் கனரகப் பிக்கப் வண்டிகளில் கம்மின்ஸ் நிறுவனத்தின் 5.9 லிட்டர் ஆறு உருளை டீசல் எந்திரத்தைப் பொருத்தியது. போர்டின் பவர் ஸ்ட்ரோக் 1994இலும், ஜெனரல் மோட்டார்சின் டூராமேக்ஸ் 2001 மாதிரி ஆண்டிலும் வந்தன.

எடை வரம்புகள்

ஒரு வண்டி எதை இழுக்கலாம் என்பதைப் பின்வரும் வரம்புகள் சேர்ந்து முடிவு செய்கின்றன. இவற்றுள் எதுவும் தாண்டப்படக் கூடாது.

* மொத்த வண்டி எடை வரம்பு: வண்டி, எரிபொருள், பயணிகள், சரக்கு, டிரெய்லர் வண்டியின் மீது அழுத்தும் எடை ஆகியவற்றின் கூட்டுத்தொகைக்கான எல்லை.
* அச்சு எடை வரம்பு: முன் அச்சும் பின் அச்சும் தனித்தனியே தாங்கக்கூடிய எடை.
* இணைந்த மொத்த எடை வரம்பு: வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த எடைக்கான எல்லை.
* சுமைத்திறன்: மொத்த வண்டி எடை வரம்பிலிருந்து வெற்று வண்டியின் எடையைக் கழித்தால் கிடைப்பது.
* இழுதிறன்: இழுக்கக்கூடிய டிரெய்லரின் உச்ச எடை.

விளம்பரங்களில் முதன்மையாகக் காட்டப்படுவது இழுதிறன். சுமைத்திறன் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டுள்ள சிறு தாளில் அச்சிடப்பட்டிருக்கும். ஒரே மாதிரி வண்டிகளிலும் தோல் இருக்கை, கூரைச் சாளரம், நான்கு சக்கர இயக்கம் போன்ற கூடுதல் வசதிகளைப் பொறுத்து அவ்வெண் மாறுபடும். எனவே விற்பனைக் கையேட்டை விட அக்குறிப்பிட்ட வண்டியின் கதவுத் தாளே நம்பத்தக்கது.

இணைமுனை எடை

டிரெய்லரின் எடை முழுவதும் அதன் சக்கரங்களின் மீதே இறங்குவதில்லை. ஒரு பகுதி இணைப்புக் கொக்கியின் வழியாக இழுக்கும் வண்டியின் மீது அழுத்துகிறது. இதுவே இணைமுனை எடை. பந்துக் கொக்கியில் பூட்டப்படும் டிரெய்லர்களில் இது மொத்த டிரெய்லர் எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இருக்க வேண்டும். 10 விழுக்காட்டை விடக் குறைந்தால் டிரெய்லர் ஓட்டத்தில் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். ஆகவே சுமைத்திறனை மிச்சப்படுத்தும் பொருட்டு டிரெய்லரின் பின்பகுதியில் சரக்கை அடுக்குவது ஆபத்தானது.

ஒரு கணக்கீட்டை எடுத்துக்கொள்ளலாம். அரை டன் வண்டி ஒன்றின் வெற்று எடை 2,500 கிலோகிராம், மொத்த எடை வரம்பு 3,200 கிலோகிராம், இழுதிறன் 5,000 கிலோகிராம் எனக் கொள்வோம். சுமைத்திறன் 700 கிலோகிராம். இதில் 4,000 கிலோகிராம் எடையுள்ள வீட்டு டிரெய்லர் பூட்டப்படுகிறது.

* இணைமுனை எடை (13 விழுக்காடு): 520 கிலோகிராம்
* கொக்கியும் அதன் துணைப்பாகங்களும்: 45 கிலோகிராம்
* நால்வர் கொண்ட குடும்பம்: 270 கிலோகிராம்
* வண்டியில் ஏற்றிய பொருட்கள்: 65 கிலோகிராம்
* மொத்தம்: 900 கிலோகிராம்

இழுதிறனில் இன்னும் 1,000 கிலோகிராம் மீதமிருக்கிறது. ஆனால் சுமைத்திறன் 200 கிலோகிராம் தாண்டப்பட்டுவிட்டது. இவ்வண்டி டிரெய்லரைச் சிரமமின்றி இழுக்கக்கூடும். எனினும் அதன் பின் அச்சு, டயர்கள், வில்கள், பிரேக்குகள் ஆகியவை வடிவமைப்பு எல்லைக்கு அப்பால் இயங்குகின்றன.

எடைப் பகிர்வுக் கொக்கி என்னும் அமைப்பு வில் தண்டுகளின் துணையால் பின் அச்சின் மீதுள்ள எடையில் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் டிரெய்லரின் அச்சுகளுக்கும் மாற்றுகிறது. காற்றுப்பை வில்களைப் பொருத்தினால் தாழ்ந்த பின்பகுதி உயரும். ஆனால் உற்பத்தியாளர் நிர்ணயித்த மொத்த வண்டி எடை வரம்பை இவ்விரண்டுமே உயர்த்துவதில்லை.

முக்கால் டன்னும் ஒரு டன்னும்

மேற்கண்ட குடும்பம் முக்கால் டன் வண்டிக்கு மாறுவதாகக் கொள்வோம். இவற்றில் பலவற்றின் மொத்த எடை வரம்பு, இரண்டாம் வகுப்பைத் தாண்டாமல் இருப்பதற்காக, 10,000 பவுண்டு என்ற அளவிலேயே நிறுத்தப்படுகிறது. பெட்ரோல் எந்திரத்துடன் வெற்று எடை 3,100 கிலோகிராம் எனில் சுமைத்திறன் ஏறத்தாழ 1,430 கிலோகிராம். டீசல் எந்திரம் பெட்ரோல் எந்திரத்தை விடக் கனமானது. அதனால் வெற்று எடை 3,400 கிலோகிராமாக உயர்ந்தால் சுமைத்திறன் ஏறத்தாழ 1,130 கிலோகிராமாகக் குறைகிறது. அதாவது இழுக்கும் ஆற்றல் மிகுந்த டீசல் வண்டி, அதே வகைப் பெட்ரோல் வண்டியை விடக் குறைவாகவே சுமக்க முடியும். 900 கிலோகிராம் என்னும் தேவைக்கு இரண்டுமே போதுமானவை.

ஐந்தாம் சக்கர டிரெய்லர்களில் நிலைமை மாறுகிறது. இவ்வகையில் இணைப்பு வண்டியின் பின்புறம் அல்லாது சரக்குத் தொட்டியின் நடுவே, பின் அச்சுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னே அமைகிறது. குதிரை வண்டிகளின் முன் அச்சின் மேல் கிடையாகச் சுழன்ற வளையமே இப்பெயரின் மூலம். இவ்வமைப்பு ஆட்டத்தைப் பெரிதும் குறைக்கிறது. ஆனால் டிரெய்லர் எடையில் பொதுவாக 20 விழுக்காடோ அதற்கு மேலோ வண்டியின் மீது இறங்குகிறது. 6,000 கிலோகிராம் டிரெய்லர் 1,200 கிலோகிராமை வண்டியின் மீது வைக்கும். கொக்கி, பயணிகள், பொருட்கள் ஆகியவை சேர்ந்தால் 1,600 கிலோகிராம் அளவை எட்டும். மேற்கூறிய முக்கால் டன் வண்டிகள் இரண்டுக்குமே இது மிகை. இங்கு ஒரு டன் வண்டி தேவைப்படுகிறது. பின் அச்சின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு டயர்கள் கொண்ட இரட்டைச் சக்கர வகை மேலும் சுமப்பதோடு, பக்கக் காற்றிலும் ஒரு டயர் வெடித்தாலும் கூடுதல் நிலைத்தன்மை அளிக்கிறது.

ஏற்றமும் இறக்கமும்

வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 8,000 கிலோகிராம் எனில், 6 விழுக்காடு சரிவில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்கு, காற்றுத் தடையையும் உராய்வையும் கணக்கில் கொள்ளாமலேயே, ஏறத்தாழ 105 கிலோவாட் (140 குதிரைத்திறன்) தேவை. உயரமான இடங்களில் காற்றின் அடர்த்தி குறைவதால் சுழலூதி இல்லாத எந்திரத்தின் ஆற்றலும் குறைகிறது. கொலராடோ மாநிலத்தில் 70ஆம் எண் மாநிலங்களிடை நெடுஞ்சாலை ராக்கி மலைத்தொடரை ஐசனாவர் சுரங்கப்பாதையின் வழியே ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் கடக்கிறது. அங்கு காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 70 விழுக்காடே. சுழலூதி பொருத்திய எந்திரங்கள் இவ்விழப்பைப் பெருமளவு ஈடுசெய்கின்றன.

ஏற்றத்தை விட இறக்கமே ஆபத்தானது. ஏற்றத்தில் ஆற்றல் போதாவிட்டால் வண்டி மெதுவாகச் செல்லும், அவ்வளவே. சுரங்கப்பாதையின் மேற்கு வாயிலிலிருந்து சில்வர்தார்ன் நகருக்கு இறங்கும்போது உயரம் ஏறத்தாழ 700 மீட்டர் குறைகிறது. 8,000 கிலோகிராமுக்கு இது 55 மெகாஜூல் நிலை ஆற்றல், அதாவது ஒன்றரை லிட்டர் டீசலை எரித்தால் வெளிப்படும் வெப்பம். காற்றுத் தடையும் எந்திரமும் எடுத்துக்கொண்டது போக எஞ்சியது முழுவதும் பிரேக்குகளில் வெப்பமாக மாற வேண்டும். அளவுக்கு மீறிச் சூடேறிய பிரேக்குகள் பிடிமானத்தை இழக்கின்றன. இச்சரிவில் கட்டுப்பாடிழந்த சரக்குந்துகளுக்கான அவசர ஏறுதளங்கள் அமைக்கப்பட்டிருப்பது இதனாலேயே. கனரக டீசல் வண்டிகளில் உள்ள வெளியேற்று பிரேக், புகைபோக்கியின் வழியை ஒடுக்கி எந்திரத்தையே வேகத்தடையாக மாற்றுகிறது. பெரிய டிரெய்லர் இழுப்போர் கனரக வண்டிக்கு மாறுவதற்கு இதுவும் முக்கியக் காரணம்.

டிரெய்லருக்கெனத் தனி பிரேக்குகளும் இன்றியமையாதவை. பல அமெரிக்க மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு (1,360 கிலோகிராம்) மேற்பட்ட டிரெய்லர்களுக்கு இவை கட்டாயம்.

இழுதிறன் சோதனை முறை

முன்னர் ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்த முறையில் இழுதிறனை அறிவித்து வந்தது. தானுந்துப் பொறியாளர் கழகம் 2008இல் ஜே2807 என்னும் பொதுத் தரத்தை வெளியிட்டது. டொயோட்டா தன் டன்ட்ரா வண்டிக்கு இதை முதலில் ஏற்றது. அமெரிக்காவின் மூன்று பெரிய நிறுவனங்களும் 2015 மாதிரி ஆண்டை ஒட்டிப் பின்பற்றத் தொடங்கின. அரிசோனாவின் டேவிஸ் அணைச் சரிவில் 11.4 மைல் (18.3 கிலோமீட்டர்) தொலைவுக்கு, குளிரூட்டி முழு அளவில் இயங்க, ஒற்றைப் பின்சக்கர வண்டி மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏற வேண்டும் என்பது இதன் ஒரு பகுதி. இக்கணக்கில் 150 பவுண்டு எடையுள்ள இருவர் மட்டுமே வண்டியில் இருப்பதாகக் கொள்ளப்படுகிறது. குழந்தைகளும் பொருட்களும் கூடும்போது உண்மையான இழுதிறன் அறிவிக்கப்பட்டதை விடக் குறைகிறது.

எடையைச் சரிபார்த்தல்

நெடுஞ்சாலைச் சரக்குந்து நிலையங்களில் உள்ள எடைமேடைகள் ஒவ்வொரு அச்சின் எடையையும் தனித்தனியே காட்டும். பயணத்துக்கு ஆயத்தமான நிலையில், முதலில் டிரெய்லருடனும் பின்னர் அதைக் கழற்றி வண்டியை மட்டும் தனியாகவும் நிறுத்தி எடையிட வேண்டும். பூட்டியபோது வண்டியின் அச்சுகளில் கூடிய எடையே வண்டியின் மீது உண்மையில் இறங்கும் சுமை. டிரெய்லரின் வெற்று எடையைக் கொண்டு கணக்கிடுவது தவறான முடிவைத் தரும். நீர், எரிவாயு உருளை, மின்கலம், உணவு, துணிமணி ஆகியவை பல நூறு கிலோகிராம் கூட்டக்கூடும்.

குறைபாடுகள்

கனரக வண்டிகள் விலை மிகுந்தவை. சுமையின்றி ஓடும்போது அவற்றின் கடினமான பட்டை வில்கள் குலுக்கலை ஏற்படுத்தும். நகரில் திருப்புவதும் நிறுத்துவதும் கடினம். 2007, 2010ஆம் ஆண்டுகளின் மாசுக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பின்னர் டீசல் வண்டிகளில் புகைக்கரி வடிகட்டியும் யூரியாக் கரைசல் தொட்டியும் இடம்பெற்றன. இவற்றால் பராமரிப்புச் செலவு கூடியது. ஆண்டில் சில நாட்களே டிரெய்லர் இழுப்போருக்குச் சிறிய டிரெய்லரைத் தேர்ந்தெடுப்பதும் ஏற்ற தீர்வாகும்.

இவற்றையும் பார்க்க

* சரக்குந்து
* டீசல் எந்திரம்
* முறுக்கு விசை
* நிலை ஆற்றல்