ஒரே வரைபடத்தின் முன்: மலாயா அவசரகால நடவடிக்கை அறை

பல திசைகளிலிருந்து வரும் தகவல்களைச் சேர்த்து, சரிபார்த்து, தளபதியின் கண்முன் ஒருசேர வைப்பதே படைத்துறை முடிவுத்துணை அமைப்பின் வேலை. இன்று இதைக் கணினி செய்கிறது. மலாயாவில் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் இதைச் செய்தது நடவடிக்கை அறை.

1948 ஜூன் 16 அன்று பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் கொல்லப்பட்டனர். அதையடுத்து அவசரகாலம் பிறந்தது. தொடக்கத்தில் காவல்துறை, இராணுவம், மாவட்ட நிர்வாகம் மூன்றும் தனித்தனியே இயங்கின. ஒரு துறைக்குக் கிடைத்த துப்பு மற்றொன்றை எட்டவில்லை. 1950இல் நடவடிக்கை இயக்குநராக வந்த ஹெரால்ட் பிரிக்ஸ் இதை மாற்றினார். மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் போர்ச் செயற்குழுக்கள் அமைந்தன. மாவட்டக் குழுவுக்கு மாவட்ட அதிகாரி தலைவர். காவல்துறைத் தலைவரும் படைத் தளபதியும் உறுப்பினர்கள். உடன்பாடு எட்டாத விவகாரம் மாநிலக் குழுவுக்குச் சென்றது.

இக்குழுக்களின் நடவடிக்கை அறைச் சுவரின் வரைபடத்தில் தாக்குதல் நடந்த இடங்களும் ரோந்துப் படைகளின் நிலைகளும் குறிக்கப்பட்டன. சரணடைந்தோரின் வாக்குமூலம், கைப்பற்றிய ஆவணங்கள், உளவாளிகளின் செய்தி ஆகியவற்றைக் காவல்துறையின் சிறப்புப் பிரிவு ஒப்பிட்டு ஆராய்ந்தது. காட்டிலுள்ள கெரில்லாக்களுக்கு உணவு எந்த வழியாகப் போகிறது என்பது தெரிந்தால், படையினர் எங்கே பதுங்கியிருக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். குண்டு வீசுமுன் தம் ரோந்துப் படை அங்கே இல்லை என்பதை உறுதிசெய்யவும் அதே வரைபடம் உதவியது.

அந்த அறையில் எடுத்த முடிவு லயத்துக் குடும்பங்களின் அன்றாடத்தைத் தொட்டது. ரப்பர் தோட்டத் தொழிலாளர்களின் குடியிருப்புகள் ஒன்றுதிரட்டப்பட்டு முள்வேலிக்குள் வந்தன. அரிசிக்குக் கட்டுப்பாடு, இரவில் ஊரடங்கு. பால்மரம் வெட்டப் போகிறவர்கள் சோறு கொண்டுபோகத் தடை விதிக்கப்பட்ட இடங்களும் உண்டு. தவறான துப்பின் விலையைக் குற்றமற்றவர்கள் கொடுக்க நேரும் என்பதால், தகவலைச் சரிபார்ப்பது போர் உத்திக்கும் மேலாக மனிதக் கடமை.

காட்டுப் போரைவிட நகரப் போரில் தகவலைச் சேர்த்துச் சரிபார்க்கும் இந்த வேலை இன்னும் கடினம். கட்டடங்கள் பார்வையையும் வானொலி அலையையும் மறைக்கின்றன. பொதுமக்கள் அடுத்த அறையிலேயே இருக்கலாம். முடிவெடுக்கச் சில நொடிகளே கிடைக்கலாம். 2017இல் பிலிப்பீன்ஸின் மராவி நகரை ஆயுதக் குழுக்களிடமிருந்து மீட்க ஐந்து மாதங்கள் பிடித்தன. ஆளில்லா விமானப் படங்களையும் படையினரின் இருப்பிடத்தையும் ஒரே திரையில் காட்டும் மென்பொருள்கள் இத்தகைய களங்களுக்காகவும் உருவாகின்றன. எனினும் திரை காட்டுவது நிலவரத்தை மட்டுமே. சுடலாமா என்ற முடிவும் அதன் பொறுப்பும் மனிதருடையவை.