புன்னையின் காட்டு உறவு

காலோஃபில்லம் லனிஜெரம். கடற்கரைகளில் நாம் காணும் புன்னையின் பேரினத்தைச் சேர்ந்த மரம். இவ்வகை மரங்களை மலாய் மொழியில் பிந்தாங்கோர் என்பார்கள்.

1987இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்காக, மலேசியாவின் சரவாக்கில் லுண்டு அருகே இதன் இலைகளும் சிறுகிளைகளும் திரட்டப்பட்டன. ஆயிரக்கணக்கான தாவரச் சாறுகளோடு இதையும் ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, எச்ஐவி பெருகுவது தடைப்பட்டது. காரணம், இதிலிருந்த காலனொலைடு ஏ என்னும் சேர்மம். வைரஸ் தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் படியெடுக்கப் பயன்படுத்தும் நொதியை அது முடக்குகிறது.

மீண்டும் இலை பறிக்கப் போனபோது அந்த மரம் வெட்டப்பட்டிருந்தது! அக்கம்பக்கத்தில் நின்ற அதே இனத்து மரங்களில் இச்சேர்மம் இல்லை, அல்லது மிகச் சொற்பம். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் முன்பே வளர்க்கப்பட்டிருந்த மரங்கள்தாம் கைகொடுத்தன. ஒரு பூங்கா எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே போதும்.

காலோஃபில்லம் டெய்ஸ்மானி என்னும் உறவு மரத்தின் பாலிலும் நெருங்கிய சேர்மம் ஒன்று கிடைத்தது. அதை எடுக்க மரத்தைச் சாய்க்க வேண்டியதில்லை. காலனொலைடு ஏ பின்னர் செயற்கையாகவும் தயாரிக்கப்பட்டு, மனிதர்களிடம் தொடக்கநிலைச் சோதனைகளுக்குச் சென்றது. அனுமதி பெற்ற மருந்தாக இன்னும் வரவில்லை. ஆகவே இலை, பட்டை, பால் எதையும் மருந்தென்று உட்கொள்ள வேண்டாம்.